கைப்பேசிக்குக் கிடைத்த அப்பா

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடித் தேநீர் குடிப்பதுண்டு. அண்மையில் அப்படிக் கூடியபோது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மொழி சொல்லிக்கொடுக்க ஆள் தேவையா என்று பேச்சு எழுந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். பினாங்கில் தமிழைப் பற்றி யார் தப்பாகப் பேசினாலும் முதலில் சண்டைக்குப் போகிறவள். அன்று நான் வடையைப் பிய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

“என்ன டீச்சர், ஒடம்பு சரியில்லையா?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அதைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் பதிலாகுமா என்று தெரியவில்லை.

அந்த வீட்டுப் பெண் என்னைத் தேடி வந்தது ஒரு மாலை நேரம். என் வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில், மசாலாக் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. அங்கே காடி, அதாவது கார், நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நாசி கண்டார் சோறு வாங்க வந்தவர்களோடு முட்டி மோதி, எங்கோ நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருக்கிறவள். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிறிய சிலுவை. பார்த்தால் நம் வீட்டுப் பெண் மாதிரி அச்சாக இருந்தாள்.

“வாம்மா, தண்ணி குடிக்கிறியா?” என்றேன்.

“சாரி டீச்சர். தமிழ் தெரியாது லா,” என்றாள்.

அந்த மூன்று சொல் தமிழிலும் ஒன்று மலாய். அதற்குமேல் அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

அவளுடைய அப்பா கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமாகிவிட்டார். உடன்பிறந்தவர் யாரும் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், ஆங்கிலத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். மலாயும் போய்விட்டது. தமிழ் மட்டும் தங்கியிருக்கிறது. சிலருக்கு அப்படி நடக்குமாம், முதலில் கற்ற மொழி மட்டும் மிஞ்சுமாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதயமும் பலவீனமாகிவிட்டது, அதிக நாள் எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

“உனக்குத் தமிழே தெரியாதா? வீட்டில் அம்மா அப்பா என்னதான் பேசினார்கள்?” என்று கேட்டேன்.

அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டில் தமிழ் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். மகளிடம் ஆங்கிலம், மகள் முன்னால் ஆங்கிலம். அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், அதனால் மகளிடம் அதிகம் பேசவே மாட்டாராம். இருவரும் தமிழில் பேச வேண்டுமென்றால் தங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அம்மாவின் குரல்தான் அதிகம் கேட்கும். இவள் வெளியே நின்று காதை வைத்துக் கேட்பாளாம். ஒன்றும் புரியாது. கதவு திறந்ததும் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள்.

சொந்த வீட்டுக்குள்ளேயே தமிழைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறார் மனிதர். பார்க்காத அவர்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். இப்போது அனுபவிக்கட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“அவர் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுகிறார்,” என்றாள் அவள். மிஸ்ஸி என்றால் எங்கள் பேச்சில் தாதி. ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் பேசிக்கொண்டு ஊசி போட வருகிற பெண். “நான் ஆங்கிலத்தில் பேசுவதால் என்னை நர்ஸ் என்று நினைக்கிறார். அவர் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது என்னை மகள் என்று தெரிந்து பேச வேண்டும். அதற்கு எவ்வளவு தமிழ் வேண்டுமோ அவ்வளவு சொல்லிக்கொடுங்கள், போதும்.”

என் ஆத்திரம் இறங்கிவிட்டது. சொல்லித்தருகிறேன் என்றேன்.

நான் தமிழ் சொல்லிக்கொடுப்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். கொச்சை கிடையாது. தெருவில் கிடைப்பதற்கு டீச்சர் எதற்கு? ஒழுங்கான எழுத்துத் தமிழ், நிறுத்தி, அழுத்தி, நாக்கு மடிய வேண்டிய இடத்தில் மடிந்து வரவேண்டும். தொழிற்சாலையில் ஒரு பிரிவையே கட்டி மேய்க்கிற அந்தப் பெண், என் முன்னால் பலகை நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாயைக் கோணிக்கோணிச் சொன்னாள். கெட்டிக்காரி. சீக்கிரமே, “அப்பா, நீங்கள் உணவு உண்டீர்களா? இன்று உங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது?” என்று கணீரென்று சொல்ல வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த வகுப்புக்கு முகம் செத்துப்போய் வந்தாள். கைப்பேசியில் எதையோ பதிவு செய்து கொண்டுவந்திருந்தாள். “நான் நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை,” என்று சொல்லி ஓடவிட்டாள்.

அவளுடைய கேள்வி சுத்தமாகக் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம். பிறகு ஒரு தளர்ந்த ஆண் குரல்: “மிஸ்ஸி, அந்த ரேடியோவ கொஞ்சம் அடைங்க. செய்தி அப்பறம் கேட்டுக்கலாம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, தூக்கிவாரியும் போட்டது. பெற்ற மகள் வாய் திறந்து தமிழ் பேசியிருக்கிறாள். மனிதர் அதை வானொலிச் செய்தி என்று நினைத்திருக்கிறார். அதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் பாடத்தில் பிழை இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் நோயாளி வீட்டில் அந்தப் பாடத்துக்கு வேலை இல்லை என்பது தெரிந்துபோயிற்று. சரி, அடுத்த வாரத்திலிருந்து வீட்டுத் தமிழே சொல்லித்தருகிறேன், வா என்றேன்.

அவள் வரவில்லை. தொழிற்சாலையில் வேலை நெருக்கடி என்று குறுஞ்செய்தி அனுப்பினாள். மறுவாரமும் அதேதான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நானே ஜெலுத்தோங்குக்குப் போனேன்.

கேட்டைத் திறக்கும்போதே உள்ளே ஒரு பெண் தமிழ் பேசுவது கேட்டது. “அப்பறம் என்னாச்சிப்பா? எல்லாரும் சிரிச்சாங்களா?” என்றது அந்தக் குரல். அச்சு அசல் நம் பினாங்குத் தமிழ். வயசானவரும் சிரித்தபடி ஏதோ சொன்னார். சரி, தமிழ் தெரிந்த உறவுக்காரப் பெண் யாரோ வந்திருக்கிறாள், நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். வீட்டு வேலைக்கு இருக்கும் இந்தோனேசியப் பெண் பழத்தை வாங்கிக்கொண்டு, பேசாதீர்கள் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

கூடத்தில் சன்னலோரம் சாய்வு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே யாரும் இல்லை. முக்காலியில் ஒரு மைலோ டின். அதில் சாய்த்து வைத்த கைப்பேசி. அவர் அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பேய் பிசாசைப் பார்த்திருந்தால்கூட வாய்விட்டு இரண்டு திட்டு திட்டியிருப்பேன். இதை என்னவென்று திட்டுவது?

“சிரிச்சானுங்க தாயி,” என்றார் அவர். “பெரிய தொர போன்ல கூப்புடறாரு. ஏதோ கணக்கு கேக்கறாரு. நா அவசரத்துல, ‘இருங்க சார், பாத்து சொல்றேன்’னு தமிழ்லயே சொல்லிப்புட்டேன். வாய் தவறி. அவ்ளோதான். அன்னையிலேர்ந்து ஆப்பீஸ்ல எனக்குப் பேரே ‘இருங்க சார்’தான். சீனவங்க, மலாய்க்காரவங்க, நம்மாளுங்க, பியூன் மொதக்கொண்டு அப்பிடித்தான் கூப்புடுவானுங்க. வேலைய விட்டு வர்ற வரைக்கும்.”

“ஐயோ, மனசுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்ப்பா,” என்றது கைப்பேசி.

“அத ஏன் கேக்கற. அதான் எம்புள்ள வாயில இது வரவே கூடாதுன்னு வச்சிட்டேன். வந்தாத்தானே தவறி விழும்?”

மாடிப்படியின் கீழ்ப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பலகைக் கணினி. அப்பா பேசப் பேச, கைப்பேசித் திரையில் ஓடுவது போலவே அதிலும் ஆங்கிலத்தில் வரிவரியாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே இருந்தது எட்டி நடந்தால் தொட்டுவிடுகிற தூரம். அவர் பேசுவது கைப்பேசியிடம், இவள் படிப்பது கணினியில்.

சமையலறைக்கு என்னை அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னாள். செயற்கை நுண்ணறிவுச் செயலியாம். பினாங்கில் பேசுகிற தமிழில் பேசு, அவரை அப்பா என்று கூப்பிடு என்று எழுதிக் கொடுத்தாளாம். முதல் நாளே பேச ஆரம்பித்துவிட்டாராம். “எனக்கு நாற்பது வருடமாகச் சொல்லாததை இதனிடம் சொல்கிறார், டீச்சர். அவருக்குப் பெயர் வைத்துச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.”

“உன்னை இன்னும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறாரா?”

“ஆமாம். அதைத் தாயி என்று கூப்பிடுகிறார்.”

நல்ல கதையாக இருக்கிறதே. பெற்று வளர்த்து, படிக்க வைத்து, தோளுக்குமேல் வளர்ந்த மகள் மிஸ்ஸி. மைலோ டின்னில் சாய்ந்திருக்கிற கண்ணாடிப் பட்டை தாயி. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம், இங்கே அங்குசம் யானைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இருந்தாலும் இந்தப் பொருளுக்கு என்னதான் தெரியும் என்று பார்க்காமல் வர எனக்கு மனமில்லை. அவர் கண்ணயர்ந்ததும் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு சோதித்தேன். மாணவர்களைக் கவிழ்க்க நான் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னது. கடுப்பாகி, “ஒனக்கு யாரு தமிழ் சொல்லிக் குடுத்தா?” என்றேன். நிறையப் பேர் எழுதியதைப் படித்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, “ரொம்ப நல்ல கேள்விம்மா,” என்று என்னையே தட்டிக்கொடுத்தது. என் வகுப்பில் என்னைப் பாராட்டிய மாணவன் எவனும் கிடையாது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

“இனிமேல் நான் எதற்குத் தமிழ் படிக்க வேண்டும், டீச்சர்?” என்று அவள் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். “நான் நூறு வருடம் படித்தாலும் இது பேசுகிற மாதிரி என்னால் பேச முடியுமா? அவர் சிரிக்கிறார். சந்தோஷமாக இருக்கிறார். அது போதாதா?”

அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்: “போதும்னா போதும்தான். ஒங்கப்பாவுக்கு மக கெடச்சிட்டா. ஒனக்குத்தான் இன்னும் அப்பா கெடைக்கல.” தமிழில் சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது. என் பிழைப்பு போய்விட்டதே என்று அழவில்லை. இத்தனை காலம் நான் கட்டிக் காத்ததை அது ஒரு பிற்பகலில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டது. அதுவும் கொச்சையோடு. அதுதான் தாங்கவில்லை.

பிறகு அவளிடமிருந்து தகவல் இல்லை. நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் மாலை அவளே அழைத்தாள். குரல் உடைந்திருந்தது. அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டார் என்று அவளுக்குப் பயம். “கைப்பேசி சொன்னாலும் கேட்கவில்லை. நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கள், ப்ளீஸ்,” என்றாள்.

நான் போனபோது கூடத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். அதே சன்னல், அதே முக்காலி, அதே மைலோ டின். அவர் பாதியாகியிருந்தார். மடியில் துண்டு விரித்து, கிண்ணத்தில் குழைந்த சோறும் பருப்பும் வைத்திருந்தார்கள்.

“கொஞ்சமா ஒரு வாய் சாப்புடுங்கப்பா. ஒங்களுக்குப் புடிச்ச பருப்பு,” என்றது கைப்பேசி.

“அப்பறம் சாப்புடறேன் தாயி.”

“சரிப்பா. ஒங்களுக்கு எப்பப் பசிக்குதோ அப்பச் சாப்புடுங்க.”

எனக்கு வந்ததே கோபம். “இதுதான் நீ சொல்ற லட்சணமா? பசிக்காதவர்கிட்ட போய், பசிக்கிறப்ப சாப்புடுங்கன்னு சொல்றதுக்கு நீ எதுக்கு?” என்று கைப்பேசியைக் கேட்டேன். அதற்கும் அது மன்னிப்புக் கேட்டது. கண்டித்துப் பேசச் சொல்லி அவளும் எழுதிப் பார்த்தாளாம். “இப்பிடி அடம் புடிக்கலாமாப்பா?” என்று கொஞ்சியதாம். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொண்டாராம். அதற்கு எல்லாம் தெரியும், கோபித்துக்கொள்ள மட்டும் வரவில்லை.

அதற்கு நான்தான் இருக்கிறேனே. எத்தனை வகுப்பு அடங்கியிருக்கிறது என் சத்தத்தில். அவர் எதிரே போய் நின்று, “ஐயா, இதெல்லாம் நல்லா இல்ல. வயசான மனுசன் புள்ளைய இப்பிடியா அலைக்கழிப்பாங்க? ஒழுங்கா சாப்புடுங்க,” என்று ஒரு அதட்டல் போட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு இந்தப் பொம்பள? எந்த வீட்டுல வந்து யாரு சத்தம் போடறது?” என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக, கைப்பேசியும் தோற்றது, டீச்சரும் தோற்றாள். நான் போய்ச் சுவரோரம் நின்றேன். கைப்பேசி மறுபடியும் கொஞ்ச ஆரம்பித்தது. அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றிருந்தாள். கரண்டி கிண்ணத்தில் பட்டு மெல்லச் சத்தம் போட்டது. நாளைக்கு ஆஸ்பத்திரி என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அவள் சட்டென்று முக்காலியை எட்டக் காலால் தள்ளிவிட்டு அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மைலோ டின் உருண்டு போயிற்று. கைப்பேசி தரையில் மல்லாந்து கிடந்தது.

“வாயத் தொறங்க,” என்றாள். “சோறு ஆறிப் போவுது. நா ஒருத்தி எத்தனையத்தான் பாக்கறது? சொல்லுங்க. எத்தனையத்தான் பாக்கறது?”

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கைப்பேசியும் சொல்லிக்கொடுத்திருக்காது, அதற்கு இது தெரியாது என்று சற்று முன்தான் பார்த்தேன். நாக்கு அங்கங்கே இடறியது. ஆனால் ராகம் கொஞ்சமும் பிசகவில்லை. அடுப்போடும் கணக்குப் பார்க்கிற கணவனோடும் மல்லுக்கட்டி அலுத்துப்போன ஒரு மனைவியின் ராகம். அந்த வாக்கியத்தில் அப்பா என்ற சொல்லே இல்லை. நம் வீட்டுப் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், உறவு சொல்லியும் கூப்பிடமாட்டார்கள். வெறும் ‘தொறங்க’, ‘சொல்லுங்க’தான். சாத்திய கதவுக்கு வெளியே நின்ற காலத்தில் பொருள் தெரியாமலேயே இவள் காதுக்குள் போய்ப் படுத்திருந்த வாக்கியம் இது. இத்தனை வருடம் கழித்து முழுசாக எழுந்து வந்தது.

அவர் திரும்பினார். அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அவள் ஊட்டினாள். மென்றார், விழுங்கினார். மறுபடியும் திறந்தார். வேலைக்காரப் பெண் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஆயிற்று, இப்போது மகளே என்று கூப்பிடப் போகிறார், இவள் கேட்டது கிடைக்கப் போகிறது என்று காத்திருந்தேன்.

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். மாடிப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

“சரி, சரி. சாப்புடறேன். சத்தம் போடாத. மேல புள்ள இருக்கா. நம்ம பேசறது அவ காதுல விழுந்துடப் போவுது.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்று பதறினேன். என்ன சொன்னார் என்று அவள் என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவர் உன்னை உன் அம்மா என்று நினைக்கிறார், நீ கேட்டுவிடக் கூடாது என்று உன்னிடமே சொல்கிறார் என்று எப்படிச் சொல்வேன்? பொய் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். மல்லாந்து கிடந்த கைப்பேசியில் அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் வந்து நின்றிருந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் படித்துக்கொண்டே கேட்டதில் அவர் பேச்சு அவளுக்குப் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். என்னையும் பார்க்கவில்லை. அவளும் மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. ஒன்றை அவர் பிடித்திருந்தார், மற்றதில் கரண்டி இருந்தது.

பிறகு குனிந்து, அவரைப் போலவே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“புள்ள தூங்கிட்டா,” என்றாள். “நீங்க சாப்புடுங்க.”

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் வாயைத் திறந்தார்.